பம்பை உள்ளுக்கு வை!

இன்று நெடுந்தீவுப் படகில் எனக்குப் பக்கத்தில் ஒரு தாயும் மகளும். கீழ்த்தட்டு முழுக்க டீசல் புகை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைக்கு முட்டு இழுக்கத் தொடங்கிவிட்டது.

அவள் ஆஸ்துமாவுக்கு அடிக்கும் பம்பை எடுத்தாள். தாய் வெடுக்கென்று பறித்துத் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

"உள்ளுக்கு வை! மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் மேல இருக்கினம். இறங்கினாப்பிறகு அடி."

கரை கண்ணுக்கே தெரியவில்லை. பிள்ளைக்கு உதடு வெளிறிக்கொண்டு வந்தது.

"அக்கா, மூச்சு நிண்டால் ஆருக்குக் கலியாணம்? குடுங்கோ அதை!" என்று கத்திவிட்டேன். முழுப் படகும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

பிள்ளை தாயின் பைக்குள்ளிருந்து பம்பை எடுத்து அடித்தாள். புகையில் எனக்கும் நெஞ்சு இறுகியிருந்ததால், என்னுடையதையும் எடுத்து எல்லோரும் பார்க்கவே அடித்தேன்.

கண் தெரியாவிட்டால் கண்ணாடி போடுகிறோம். அதை யாரும் ஒளிப்பதில்லை. மூச்சு விடுவதை மட்டும் ஏன் ஒளிக்க வேண்டும்?

பிள்ளைக்கு இழுப்பு அடங்கியது. தாய் என் தாலியை ஒருமுறை பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து கேட்டார்:

"பிள்ளை, நீர் இதை அடிக்கிறது உம்மட மனுசனுக்குத் தெரியுமோ?"

கடலில் குதிக்காமல் கரைசேர்ந்துவிட்டேன். நீங்கள் என்றால் என்ன சொல்லியிருப்பீர்கள்?