வசந்தாவுக்குப் புற்றுநோய் இல்லை

நோயில்லாத ஒரு பெண்ணின் மார்பை வெட்டியெடுக்கச் சொன்னவள் நான். தவறு என்று தெரிந்த பிறகு பொய் எழுதி மறைத்தவளும் நான்தான். போதுமா? போதாதென்றால் மீதியையும் கேளுங்கள்...

நான் நோய்க்குறியியல் மருத்துவர். உடலிலிருந்து எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து, இன்ன நோய் என்று சொல்வது என் தொழில். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அதற்கு அப்போது ஆளே கிடையாது. எல்லாம் சென்னைக்குப் போகும். விடை வருவதற்குள் நோயாளி போய்ச் சேர்ந்திருப்பார். நான் வந்துதான் ஆய்வுக்கூடம் வைத்தேன், துறையைக் கட்டினேன், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினேன். முன்னோடி என்று மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்களே, அது இந்த அம்மாளுக்குத்தான்!

முன்னோடி என்றால் என்ன தெரியுமா? நான் பார்த்ததைச் சரிபார்க்க இன்னொரு கண் இல்லை. அவ்வளவுதான்.

வசந்தா பூதலூர்ப் பக்கம். நடவுக்குப் போகிறவள், புதிதாகக் கல்யாணமானவள். மார்பில் கட்டி. ஊசியால் உறிஞ்சி எடுத்தது என் மேசைக்கு வந்தது. பார்த்தேன். புற்றுநோய் என்றேன்.

அறுவை மருத்துவர் தொலைபேசியில் கேட்டார்: "மேடம், சந்தேகம் ஒண்ணும் இல்லியே?"

"சந்தேகம் இருந்தா சொல்ல மாட்டேனா?" என்று எரிந்து விழுந்தேன்.

வார்டு கீழ்த்தளத்தில்தான் இருந்தது. இறங்கிப்போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், களத்தில் மாடு முட்டியதைச் சொல்லியிருப்பாள். அடிபட்ட கொழுப்பு இறுகிக் கட்டியாகும். நுண்ணோக்கியில் புற்றுநோய் போலவே ஏமாற்றும். எனக்குத் தெரியாததா! ஆனால், நோயாளியின் முகத்தைப் பார்த்தால் கணிப்பு கெட்டுவிடும் என்பது என் கொள்கை. வகுப்பில் அதைப் பெருமையாகச் சொல்வேன். மண்டைக்கனம்... வேறென்ன?

பிறகு வெட்டியெடுத்த மார்பே என்னிடம் வந்தது. துண்டு துண்டாக அறுத்துப் பார்த்தேன். எங்குமே புற்றுநோய் இல்லை! மறுபடி பார்த்தேன். இல்லை. உதவியாளர் சாப்பிடப் போயிருந்தார். 'புற்றுநோய் உறுதி, முழுமையாக நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

துறையை மூடிவிடுவார்களே என்று பயந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். என் பெயருக்குத்தான் பயந்தேன்.

வசந்தாவைப் புருஷன் வீட்டில் வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். அவள் மறுபடி கட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனியாகவே பயிர் செய்கிறாள். எப்படியோ என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தாள். சம்பா அறுப்பு முடிந்தால் இன்றைக்கும் புது அரிசியோடு வந்து நிற்பாள். "நீங்க இல்லேன்னா மண்ணோட மண்ணாப் போயிருப்பேம்மா!"

அந்த அரிசியை வடித்து, தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்று கேட்காதீர்கள். இறங்குகிறது.

மாணவர்கள் எங்கெங்கோ போய்விட்டார்கள். எனக்குக் குடும்பம் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு என் கதவைத் தட்ட வசந்தாவை விட்டால் யார் இருக்கிறார்கள்? சொல்லிவிட்டால் அவளும் வரமாட்டாள்... அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. என்ன ஜென்மம் நான்!

இந்தத் தையில் தங்கை மகளையும் அழைத்து வந்திருந்தாள்.

"பொண்ணு பாத்துட்டுப் போனவங்க வேணாம்னுட்டாங்கம்மா. எனக்கு வந்தது இவளுக்கும் வரும்னு எவனோ சொல்லிட்டானாம். என்னால இவ வாழ்க்கையும் கெடணுமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா..."

உனக்கு எதுவுமே வரவில்லை, வசந்தா! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"உனக்கு வந்தது பரம்பரையா வர்ற வகை இல்லம்மா. அவங்க நம்பர் குடு, நானே பேசுறேன்" என்றேன்.

வசந்தா அழுதுவிட்டாள். பெண்ணின் தோளைப் பிடித்து என் முன்னால் தள்ளினாள். "விழுந்து கும்புடுடி. எனக்கு உசிரு குடுத்தவங்க."

அந்தப் பெண் விழுந்தாள். நான் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தேன்.