பதினோராம் கட்டிலின் சட்டி

தம்ளர் தண்ணீரில் கிடக்கும் என் பொய்ப்பல்லைப் பார்க்கும்போதெல்லாம் பேரப்பிள்ளைகள் அந்தப் பைத்தியக்காரன் கதையைக் கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்வேன். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நான் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்ததும், ஒரு நோயாளி கொசுவலைக் கம்பைப் பிடுங்கி என் முன்பல்லைப் பெயர்த்ததும், ரத்தம் ஒழுக ஒழுக அவரை நான் மடக்கிப் பிடித்ததும் அந்தக் கதையில் வரும். அதில் நான்தான் சூரப்புலி. சட்டி கழுவும் ஆயா அந்தக் கதையில் ஒரு நாளும் வந்ததில்லை. வரவிடாமல் பார்த்துக்கொண்டேன் என்பதே உண்மை.

அடித்தவர் வல்லத்துப் பக்கத்துக் குடியானவர். அறுபது வயதிருக்கும். குடலிறக்கத்துக்கு அறுவை முடிந்து பதினோராம் கட்டிலில் கிடந்தார். காலையும் மாலையும் கட்டில் கட்டிலாகப் போய், "ஒன்னுக்குப் போச்சா?" என்று கேட்டுச் சீட்டில் எழுதுவது என் வேலை. நாலு பேர் பார்க்கப் படுத்தபடியே சட்டியில் போக அவருக்குக் கூச்சம். சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆச்சுங்க" என்பார். நானும் 'ஆச்சு' என்று எழுதிவிட்டு நகர்வேன். கட்டிலடியில் குனிந்து சட்டியைப் பார்ப்பது என் கௌரவத்துக்கு ஆகாத காரியம். அது ஆயாவின் வேலை. ஆயாவிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவளாக வாய் திறப்பதும் கூடாது.

அறுவை முடிந்த மறுநாள் காலையில் அந்த மனிதர் கூரையைப் பார்த்து முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, ஊருக்கு எப்போது பஸ் என்று சரியாகக் கேட்டார். மறுபடி கண் அலைந்தது. மத்தியானம் துள்ளி எழுந்தார். "பன்னி பூந்துட்ச்சி! மல்லாட்டையெல்லாம் போவுது! ஜல்தி ஓட்டுங்கடா!" என்று, வேர்க்கடலைக் கொல்லையில் நிற்பவர் போல அலறிக்கொண்டு, கொசுவலைக் கம்பைப் பிடுங்கிச் சுழற்றினார். பக்கத்துக் கட்டில்காரரின் மண்டை உடைந்தது. அடுத்த வீச்சு என் வாயில். எனக்கு வெறி பிடித்துவிட்டது. கீழே தள்ளி, தையல் போட்ட வயிறு என்றும் பார்க்காமல் முழங்காலை ஊன்றி, முகத்தில் குத்தினேன். பிறகு நாலு பேர் சேர்ந்து கை கால்களைக் கயிற்றால் கட்டிலோடு கட்டினோம். கட்டக் கட்ட அவர் முறுக்கினார். மணிக்கட்டுத் தோல் கயிற்றோடு வந்தது. டாக்டர் தூர நின்று பார்த்தார். புத்தி பேதலித்துவிட்டது, சாயங்கால ரயிலில் மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குக் காகிதம் எழுதப் போனார். வாசலில் நோயாளியின் மனைவி தரையில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அந்த நிலையில் ரயிலேற்றினால் அவர் செங்கல்பட்டு தாண்டியிருக்க மாட்டார்.

அப்போதுதான் ஆயா வந்தாள். "டிரெஸ்ஸரய்யா, இவுரு பைத்தியம் இல்லீங்க. வந்தன்னிக்கி நல்லாத்தான் பேசிக்கினு இருந்தாரு. நேத்துலேர்ந்து ஒன்னுக்கே போவலீங்க. சட்டி காஞ்சிகினு கெடக்குது."

சீட்டில் நேற்று மாலைக்கும் இன்று காலைக்கும் 'ஆச்சு' என்று என் கையெழுத்தில் இருந்தது. "ஒன்னை எவன்டீ கேட்டான்?" என்று ஓங்கி அறைந்தேன். உதடு கிழிந்து அவள் சுவரில் மோதினாள். அழவில்லை. குனிந்து பதினோராம் கட்டிலடியிலிருந்த சட்டியை எடுத்தாள். அவள் கால் வைக்கவே கூடாத டாக்டர் அறைக்குள் போய், அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே அதை வைத்தாள்.

டாக்டர் கத்த வாயெடுத்தவர், காய்ந்த சட்டியையும் அவள் உதட்டையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நோயாளியின் அடிவயிற்றில் கை வைத்தார். குடம் மாதிரி விம்மியிருந்தது. "மூத்திரம் கட்டிக்கிட்டதுல வந்த பிதற்றல்யா இது" என்றார். ரப்பர் குழாய் செலுத்தினதும் சட்டி நிறைந்தது. ஆயா கொட்டிவிட்டு வந்து வைக்க, மறுபடி நிறைந்தது. கயிறுகளை அவிழ்த்து, ஜன்னலைத் திறந்து, அவர் மனைவியை உள்ளே கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டு, "ஏன் கையெல்லாம் எரியுது?" என்று கேட்டார். நான் வெளியே போய்விட்டேன்.

"நேத்தே ஏன் சொல்லல?" என்று டாக்டர் ஆயாவைக் கேட்டார். "யாரும் கேக்கலீங்க" என்றாள். அறைந்தது யார் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து அவளிடம் கேட்ட பிறகுதான் சீட்டு எழுதினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. நாலு வருஷம் ஒரே வார்டில் இருந்தோம்.

போன மாதம் என் மகன் அறுவைக்குப் படுத்திருந்தபோது ஒரு நர்ஸ் பெண் தானே குனிந்து, மூத்திரத்தை அளந்து எழுதினாள். வீட்டுக்கு வந்ததும் பேரன் தம்ளரைக் காட்டி வழக்கம்போலக் கதை கேட்டான். கதையைச் சொல்லாமல் தம்ளரை எடுத்து அலமாரிக்குள் வைத்தேன். என் பல்லைப் பெயர்த்தவருக்கு அன்றைக்குப் புத்தி தன் வசத்தில் இல்லை. ஆயாவை அறைந்த எனக்கு இருந்தது.