மல்லாட்டை எண்ணெயில் ஓடிய ஜீப்

பெட்ரோல் தீர்ந்தால் வண்டி நின்றுவிடும், அதோடு தொல்லை விட்டது. ஆயில் தப்பாகிப்போனால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஊற்றியவனுக்குத்தான் சோறு இறங்காது. 1950களின் கடைசியில் திண்டிவனம் பெட்ரோல் பங்க் ஒன்றில் ஆயில் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான். இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குப் புரியும்.

பெரிய நம்பர்

எங்கள் ஊரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்டும் எண்ணெய் மில் முதலாளி பட்டாளத்து ஏலத்தில் ஒரு ஜீப் எடுத்தார். பின்னால் இரண்டு பெஞ்சு அடித்து, மேலே படுதா போட்டு, மனைவி, மகள்கள், மச்சான் என்று குடும்பமே ஏறுகிற மாதிரி ஆக்கிவிட்டார். அதற்கு எந்த ஆயில் என்று சொல்லப் புத்தகமும் கிடையாது, ஆளும் கிடையாது. நான் பானெட்டைத் திறந்து, உள்ளே இருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்து, முப்பதாம் நம்பர் ஆயில் என்றேன். பட்டாளத்துக்காரன் என்னத்தை ஊற்றி ஓட்டினானோ, யார் கண்டது?

முதலாளி எங்கள் பங்க் ஷெட்டில் இருந்த இன்னொரு பீப்பாயைப் பார்த்தார். அது லாரிகளுக்கு ஊற்றுகிற நாற்பதாம் நம்பர், இன்னும் கெட்டி. அவர் முகம் சுருங்கிப்போனது. "நாப்பது இருக்கசொல்ல எனக்கு முப்பது குடுக்கறியே, நாங்க இன்னா அவ்ளோ கொறைஞ்சா பூட்டோம்?"

இரண்டு கோடு

கடைசியில் முப்பதுதான் ஊற்றினேன். ஆனால் பழைய வண்டி, அடியில் கசிந்துகொண்டே இருந்தது. முதலாளியின் டிரைவர் கன்னியப்பனைக் கூப்பிட்டு, ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிக் காட்டினேன். அதில் இரண்டு கோடு. கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் போனால் எஞ்சின் காலி, குடும்பத்தோடு நடுரோட்டில் நிற்பாய் என்று நன்றாக மிரட்டி வைத்தேன். என் பயத்தில் பாதியை அவன் தலையில் இறக்கிவிட்டால் நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற சுயநலம்தான், வேறென்ன!

கன்னியப்பன் ஏற்கெனவே பயந்த சுபாவம். ஒரு மாதம் கழித்து முதலாளியம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாத்த சொல்லி வெச்சீங்களோ, சோறு துன்ன ஒக்காந்தாலும் எந்திரிச்சிப் போயி அந்தக் கம்பியத்தான் பாத்துக்கினு கீறான்."

ஆயுத பூஜையன்று

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு பங்க்கை மூடிவிட்டோம். ஸ்பேனர், ஜாக் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது.

மத்தியானம் மில்லுக்குப் பூஜைப் பொரி வாங்கப் போனேன். ஜீப்பைக் காணோம். பெரிய மகளுக்கு வலி எடுத்து, அம்மாவோடு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி அரைமணி ஆகிவிட்டதாம். தலைப்பிரசவம். ஆயில் பார்த்தானா என்று கேட்டேன். முதலாளி பெருமையாகச் சொன்னார்: "கோட்டுக்கு ரொம்பக் கீழ பூடுச்சாம், உன் பங்க்கும் மூடிக் கெடந்துது. எங்கிட்ட இல்லாத எண்ணெயா? ரெண்டு படி மல்லாட்ட எண்ணெய ஊத்தி அனுப்பிச்சிட்டேன்!"

விக்கிரவாண்டிக்கு முன்னால்

எஞ்சின் சூட்டில் மல்லாட்டை எண்ணெய் பிசினாகிவிடும் என்று தெரியும். எத்தனை மைலில் என்று தெரியாது. கன்னியப்பனை மிரட்டி வைத்ததும் நான்தானே! பங்க்கைத் திறந்து முப்பதாம் நம்பர் டின்னை எடுத்தேன். ஸ்பேனர் பக்கம் போன கை, குங்குமத்தைப் பார்த்ததும் திரும்பிவிட்டது. பிரசவ நேரத்தில் சாமி குத்தம் வேறு வேண்டாம் என்று டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் நின்ற வண்டி ஒவ்வொன்றையும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால் ஜீப் நிஜமாகவே நின்றது. பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். பானெட்டில் புகை. ரோடெல்லாம் வடை சுடுகிற வாசனை. பின் பெஞ்சில் அந்தப் பெண் படுதாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி கிடந்தாள். கன்னியப்பன் அழுதுகொண்டிருந்தான். உள்ளே இருப்பதை இறக்க வேண்டுமானால் அடியில் உள்ள போல்ட்டைக் கழற்ற வேண்டும். அவனுடைய ஸ்பேனரும் மில் பூஜையில்.

எதிரே ஒரு லாரி ஷெட். உள்ளே சாமி படத்துக்குக் கீழே வரிசையாக ஸ்பேனர்கள். "பூஜைல வெச்சத எடுத்தா ஆவாதுங்க" என்று ஷெட்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண் முனகுவதைக் கேட்டுக்கொண்டே ஷெட்காரரும் கன்னியப்பனும் நானுமாக மூன்று பேரும் சும்மா நின்றோம். முதலாளியம்மா ஜீப்பை விட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக ஷெட்டுக்குள் போய், சந்தனப் பொட்டோடு ஒரு ஸ்பேனரைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். "சாமி நாளைக்கும் இருக்கும், எம் பொண்ணு இருக்கணுமே. ஜல்தியா கழட்டுய்யா!"

மல்லாட்டை எண்ணெயை இறக்கி, டின்னில் இருந்ததை ஊற்றி, ஜீப்பை விழுப்புரம் கொண்டு சேர்த்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், ஜீப்பும் பிழைத்தது. அன்றைக்கு ரிப்பேராகி நின்றது நாங்கள் மூன்று ஆண்கள்தான்.