ஒரு மூட்டை ஆள்

லூர்துசாமி இறந்துபோன செய்தி வந்தபோது நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எந்தச் செய்தி வந்தாலும் நான் அப்படித்தான் இருப்பேன் என்று என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள், இருக்கட்டும். மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. மணியடித்த கோயில்பிள்ளை ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், உப்பளத்துக்காரரு பூட்டாரு. பல்லு வெளக்கினு இருந்தாராம், அப்படியே உக்காந்துட்டாராம்" என்றார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். தொண்ணூறு வயதுவரை இருந்து என்னை அடக்கம் செய்துவிட்டுத்தான் போவதாக முந்தின ஞாயிற்றுக்கிழமைகூடப் பூசை முடிந்து வெளியே வரும்போது சொல்லியிருந்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத பழக்கம் அவரிடம் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

துக்க வீட்டுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் சாவுக்குக் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டது. பந்தலின் இடப்பக்கம் உட்கார்ந்தவர்கள், சாப்பிடாமலே செத்தார் என்றார்கள். வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள், அந்தக் காலத்தில் சாப்பிட்டதுதான் இப்போது கொன்றது என்றார்கள். இரண்டு கட்சியும் டீயை மட்டும் ஒற்றுமையாகக் குடித்தன. அந்த இரண்டு கட்சியும் வேறு யாருமல்ல, அவரை அறிந்த நீங்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள்மேல் மரியாதை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொல்லித் திரிவதைவிட நான் சொல்வதில் பொய் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான்.

இறந்துவிட்டதால் 'அவர்' என்று எழுதுகிறேன். இருந்தவரைக்கும் எனக்கு அவர் 'டேய் லூர்து'தான். மரக்காணத்தில் சொந்தமாகப் பாத்தி வைத்திருந்த உப்பள முதலாளி. வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உப்புக் குவியல் ஒன்று எழுந்து நடந்து வருவதுபோல் இருக்கும். எங்கள் பக்கத்தில் பருத்த முதலாளி என்றால் நல்ல முதலாளி; இளைத்த முதலாளி என்றால் பாத்தியை விற்கப்போகிறான் என்று அர்த்தம். ஆகவே அவரை எல்லாரும் மதித்தார்கள். மதித்துக்கொண்டே சிரித்தார்கள். அவர் பஸ்ஸில் ஏறினால் பஸ் ஒரு பக்கம் சாயும், உள்ளே இருப்பவர்கள் இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார்கள். அவர் பெஞ்சியில் உட்காரும் முன் டீக்கடைக்காரர் பெஞ்சியைத் தட்டிப் பார்ப்பார்.

வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை கோயில் மைதானத்தில் ஆண்டவர் பாடுபட்டுச் செத்த கதையை நாங்கள் போடும் பாஸ்கா நாடகத்தில் அவருக்கு ஏரோது ராஜா வேஷம். நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்பதால் கொடுத்திருந்தார்கள். எனக்கு யூதாஸ். "முப்பது காசுக்கு மேலேயே தின்ற யூதாஸ் மாதிரி இருக்கிறான்" என்பது நாடகத்தை நடத்தும் உபதேசியார் என்னைப் பற்றி வைத்திருந்த கருத்து. எமர்ஜென்சிக்கு மூன்று வருஷம் முன்பு, வழக்கமாகச் சிலுவையில் ஏறுபவர் வேலை கிடைத்து மெட்ராஸுக்குப் போய்விட்டார். லூர்துசாமி உபதேசியாரிடம் போய், அந்த வேஷம் தனக்கு வேண்டும் என்று கேட்டார்.

எதற்கடா என்று நான் கேட்டேன். "ஏரோதுன்னா ஜனம் இளிச்சினு பாக்குது. அந்த வேஷம் ஏறினா ஜனம் கப்சிப்னு ஆயிடுது. ஒரு தபா என்னைப் பாத்து ஊரு கப்சிப்னு ஆவணும்டா" என்றார். இவ்வளவு அற்பமான ஆசைக்குச் சிலுவை கேட்ட மனிதனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சிலுவைக்கான பனங்கட்டையைத் தானே வாங்கித் தந்தார் என்பதால் உபதேசியாரால் மறுக்க முடியவில்லை. நாடகத்தில் யூதாஸ் சீக்கிரம் செத்துவிடுவான். ஆகவே கல்வாரிக் காட்சியின்போது நான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒருசந்தி விரத நாள் என்பதையும் பாராமல் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். கயிறு கட்டி ஆறு சேவகர்கள் அவரைச் சிலுவையோடு நிமிர்த்தினார்கள். நம் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். கடற்கரை மணலில் கொடிக்கம்பமே நேராக நிற்காது. சிலுவை சாய ஆரம்பித்தது. சட்டென்று விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கரைதட்டிய படகின் பாய்மரம்போல நிதானமாகச் சாய்ந்தது. அவரோ சாய்வதைக் காட்டிக்கொள்ளாமல், பகைவரை மன்னிக்கும் வசனத்தை முகத்தில் அத்தனை சாந்தத்தோடு சொல்லிக்கொண்டே சாய்ந்தார். வசனம் முடியவும் தகர டோப்பி போட்ட சேவகர்கள் இரண்டு பேர்மேல் படுக்கவும் சரியாக இருந்தது. முதலில், செத்த யூதாஸ் திரைக்குள்ளிருந்து சிரித்தான். பிறகு மைதானம் சிரித்தது. சிரிக்கவேண்டிய விஷயம்தான், அதில் எனக்கு அன்றும் வருத்தமில்லை, இன்றும் இல்லை.

பங்குச்சாமியார் மட்டும் சிரிக்கவில்லை. "ஆண்டவர் சாவுற நேரத்துல ஊரையே சிரிக்க வெச்சுட்டியேப்பா. ஒரு உப்பு மூட்டை கனத்துக்கு வா. அதுக்கு அப்பால சிலுவையைப் பத்திப் பேசு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாமியார் கோபத்தில் சொன்னதை லூர்துசாமி வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

அவருடைய கிடங்கில் மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று தொங்கும். ஒரு தட்டில் ஒரு மூட்டை உப்பை வைத்து அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டினார். மற்ற தட்டில் சனிக்கிழமைதோறும் தானே ஏறி உட்கார்ந்தார். முதல் நாள் மூட்டை மேலே போய் விட்டத்தை இடித்தது. இன்னொரு அரை மூட்டையைச் சேர்த்த பிறகுதான் முதலாளி தரையைவிட்டு எழும்பினார். உப்பளத்தில் வேலைசெய்த முனுசாமி, "எங்க சாமிக்குத் துலாபாரம் குடுத்தா வேண்டுதல் நடக்கும் மொதலாளி. உங்க சாமிக்கு இதெல்லாம் உண்டா?" என்று கேட்டார்.

பிறகு பத்தியம் ஆரம்பித்தது. குயிலாப்பாளையத்தில் பச்சைக் காய்கறி தின்று உயிர்வாழும் வெள்ளைக்காரர் ஒருவரைப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் கீரை, இருட்டுவதற்குள் மோர். உப்பு கிடையாது. உப்பள முதலாளி உப்பில்லாமல் சாப்பிட்டதை நம் ஊர் சரித்திரத்தில் யாராவது எழுதிவைக்க வேண்டும். தத்துவமும் பேச ஆரம்பித்தார். "வயிறு நாய் மாதிரிடா. கொரைக்கும், கடிக்காது" என்பார். "தட்டுல மிஞ்சினா வீட்டுக்கு நஷ்டம், வயித்துல மிஞ்சினா ஊருக்கே நஷ்டம்" என்பார். கோட்டக்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில் என் தட்டிலிருந்த பிரியாணியைப் பார்த்து, "இது சோறு இல்லடா, சவப்பெட்டிக்கு அச்சாரம்" என்றார். அந்த வீட்டுக்கார பாய் காதில் அது விழுந்து, எனக்கு இரண்டாம் தடவை கறி வரவில்லை. இதை நான் மன்னிக்கவே இல்லை.

உண்மையில் அந்தப் பத்தியத்தால் வாடியது அவர் மனைவி மரியபுஷ்பம் அம்மாள்தான். மீன் குழம்பு வைப்பதில் அவருக்கு ஈடாக மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிவரை ஆள் கிடையாது. வைத்த குழம்பைத் தின்ன ஆளில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். "அண்ணே, நீங்களாவது துன்னுங்க. சட்டியைப் பாத்தா எனக்கு அழுகையா வருது" என்பார். நானும் ஒரு குடும்பத்தின் துயரம் தீரட்டும் என்று தின்றேன். லூர்துசாமி விட்ட எடை எங்கும் போய்விடவில்லை. எங்கள் தெருவிலேயேதான் இருந்தது.

ஐப்பசி மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை அவர் தட்டில் உட்கார, இரண்டு பக்கமும் சமமாக நின்றது. இறங்கியதும் ஜிப்பாவோடு நனைந்துகொண்டே கோயிலுக்கு ஓடி, "சாமி, ஒரு மூட்டை ஆளாயிட்டேன்" என்று அறிவித்தார். சாமியாரும் சந்தோஷத்தில், அப்படியானால் வருகிற பாஸ்காவுக்கு நீதான் என்று சொல்லிவிட்டார்.

மழைக்காலத்தில் உப்பு ஈரம் குடித்துக் கனக்கும் என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். மெட்ராஸ் வியாபாரிகளிடம் அந்த ஈரத்தையும் சேர்த்து நிறுத்துக்கொடுத்தே வளர்ந்த பரம்பரை அவருடையது. அப்படிப்பட்டவர் ஒழுகுகிற அந்தக் கீற்றுக் கிடங்கில் அதே மூட்டையை மாதக்கணக்காக வைத்து, அதன் கனம் ஏறியதைத் தன் கனம் இறங்கியதாக நினைத்துக்கொண்டார். ஊரை ஏமாற்றிய சரக்கைக்கொண்டே தன்னையும் ஏமாற்றிக்கொண்ட வியாபாரியைப் பார்த்திருக்கிறீர்களா? தை மாத வெயிலில் உபதேசியார் நேரில் பார்க்க வந்தார். லூர்துசாமி கும்பிட்டுவிட்டுத் தட்டில் ஏறினார். மூட்டை பறந்துபோய் மறுபடியும் விட்டத்தை இடித்தது. குடித்த நீரெல்லாம் உப்போடு சேர்ந்து கசிந்து தரையில் ஓடிவிட்டிருந்தது. அந்த வருஷம் உண்மையாகவே இளைத்தது அந்த மூட்டைதான்.

அந்தப் பாஸ்காவில் சிலுவை வேறொருவருக்குப் போயிற்று. இதோடு விட்டுவிடுவார், மரியபுஷ்பம் கையால் ஒரு பிடி சோறு தின்பார் என்று நினைத்தேன். நினைத்ததில் எனக்கும் கொஞ்சம் நஷ்டம் இருந்தது, குழம்பு நின்றுபோகுமே. அவரோ ஜிப்பாவைக் கழற்றிவிட்டுப் பாத்தியில் இறங்கினார். விடிந்ததும் வரப்புகளைச் சுற்றி நடை. பிறகு ஆட்களோடு வரிசையில் நின்று பலகையால் உப்பு வாருவார். வெந்த தண்ணீரில் குதிகால் வெடித்து, அந்த வெடிப்பில் உப்பேறி, நடக்கும்போது உதட்டைக் கடித்துக்கொள்வார். ஆட்களுக்குப் பெரிய தொந்தரவு. முனுசாமி கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். "மொதலாளி, கரையிலியே நில்லுங்க. நீங்க மிதிச்சா சேறு கலங்கி உப்பு கறுத்துப்போவுது. நீங்க எளைக்கிறீங்களோ இல்லியோ, எங்க உப்பு எளைச்சிடும்."

"கறுத்தா கறுத்துட்டுப் போவுது, நீ வாருப்பா" என்றார் லூர்துசாமி.

வயிறு போயிற்று. தாடை போயிற்று. கன்னம் பையாகத் தொங்கிற்று. ஒருநாள் தன் பழைய ஜிப்பாக்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "ஊருல இது சேரக்கூடிய ஆளு நீ ஒருத்தன்தான்" என்றார். எதிரிலேயே ஒன்றைப் போட்டுக்காட்டினேன். தோளில் வழிந்தது. "பாத்தியா, லூசா இருக்குது" என்றேன். "இருடா, கொழம்பு வைக்க என் பொண்டாட்டி இருக்கா" என்றார்.

அடுத்த தவக்காலத்தில், குருத்தோலை ஞாயிற்றுக்குப் பிறகு, உபதேசியாரே காய்ந்த உப்பை அள்ளிப் புது மூட்டை தைத்து வைத்தார். லூர்துசாமி ஏறி உட்கார, இரண்டு தட்டும் சமமாக அசையாமல் நின்றன.

அந்தப் பெரிய வெள்ளியன்று அக்கம்பக்கத்துக் கிராமத்து ஜனமெல்லாம் வந்திருந்தது. பக்தியால் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். மறுபடி விழுவாரா என்று பார்க்கத்தான் வந்தார்கள். சிலுவை எழுந்தது, நின்றது. இடுப்பில் ஒரு துண்டு மட்டும் கட்டி, விலா எலும்பு தெரிய, வயிற்றுத் தோல் காலியான சாக்குபோல மடிந்து தொங்க, அவர் மேலே இருந்தார். மைதானம் கப்சிப்பென்று ஆயிற்று. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. அதோடு திரையைப் போட்டிருக்கலாம். ஆனால் தாகம் என்று சொல்லவேண்டிய வசனம் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னார்.

பெண்கள் பகுதியிலிருந்து மரியபுஷ்பம் அம்மாள் எழுந்தார். செம்பில் நீராகாரத்தை எடுத்துக்கொண்டு சேவகர்களை இடித்துத் தள்ளிவிட்டுச் சிலுவையடிக்குப் போய், "போதுங்க, எறங்குங்க. ரெண்டு வருஷமா ஒண்ணும் துன்னாம இப்படிச் செத்துப்போறீங்களே" என்று ஓலமிட்டார். அவ்வளவுதான். லூர்துக்கு உள்ளே ஏதோ வியாதி, நாள் குறித்துவிட்டார்கள் என்று ஏற்கனவே ஊர் முழுக்கப் பேச்சு. மைதானத்துப் பெண்கள் அத்தனைபேரும் மாரில் அடித்துக்கொண்டு, "ஐயோ லூர்து அண்ணே" என்று அழுதார்கள். கல்வாரியில் ஆண்டவரைக் கவனிக்க ஆளில்லை. சாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுவருஷம் ஏரோது வேஷம்கூட அவருக்குக் கிடையாது என்று ஆயிற்று.

கயிற்றை அவிழ்த்து இறக்கியபோது நான்தான் போர்வை போர்த்தினேன். என் காதருகே குனிந்து, "யாராச்சும் சிரிச்சாங்களாடா?" என்றார்.

"இல்லடா. எல்லாம் அழுதுங்க."

"போதும்" என்றார்.

போதுமாம். அரை மணி நேரம் ஊர் சிரித்த சிரிப்புக்காகப் அரை மூட்டை உடம்பைக் கரைத்த மனிதர், அதற்குப் பிறகாவது மனைவி வைத்த குழம்பைத் தொட்டாரா? சாகும்வரை தொடவில்லை. தொட்டால் மறுபடி சிரிப்பார்களோ என்ற பயம். இந்தப் பயத்துக்கு அவர் வைத்த பெயர் ஆரோக்கியம். உலகத்தில் நான் மிகவும் இளக்காரமாக நினைத்த மனிதர் அவர்தான். யாருக்குப் பயந்தார் என்று பாருங்கள்: உங்களுக்கும் எனக்கும். பயப்படத் தகுந்த ஆட்களா நாம்?

நேற்று அடக்கம். பெட்டி செய்த ஆசாரிக்குப் பழைய லூர்துசாமிதான் நினைவில் இருந்தார் போலும், அகலமாகச் செய்துவிட்டார். கனமாக இருக்கும் என்று நாங்கள் மூச்சுப்பிடித்துத் தூக்க, பெட்டி வெறும் கூடைபோல மேலே வந்தது. உள்ளே அவர் ஒரு பக்கமாகச் சறுக்கிப் பலகையில் 'டொக்' என்று இடித்தார். நான் உடனே திரும்பிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, லூர்து. நன்றாகப் பார்த்துவிட்டேன்.

கல்லறைக்குப் போகும் வழியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மைதான். அது உனக்காக அல்ல. நீ கொடுத்த ஜிப்பாவைத்தான் போட்டிருந்தேன். பெட்டியைத் தோள் மாற்றும்போது வயிற்றுப் பக்கத்துப் பொத்தான் தெறித்து உபதேசியார் கண்ணாடியில் பட்டது. உன் ஜிப்பா இப்போது எனக்குப் போதவில்லை. அதையும், அதோடு வந்த சிரிப்பையும் நான் வைத்துக்கொள்கிறேன். இனி இந்த ஊர் பார்த்துச் சிரிக்க நான் இருக்கிறேன். அதற்காக ஒரு இட்லியைக்கூடக் குறைப்பதாக இல்லை.