மாவட்ட எல்லைக்குள் ஒரு பாலைவனம்

எங்கள் அகதி விடுதிக்கு எதிர்வீட்டில் மூக்குச் சிவந்த, நெட்டையான ஜேர்மன்காரர் ஒருவர் இருந்தார். படுக்கையும் அடுப்பும் உள்ள வான் வண்டியில் குடும்பத்தோடு அமெரிக்கப் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றியவர். அதன்பின் எதைக் காட்டினாலும் பூங்காக் காவலர்போலத் தொப்பியைத் தூக்கித்தான் காட்டுவார்.

ஒரு ஞாயிறு அம்மாவையும் என்னையும் தன் வானில் ஏற்றி, பாலைவனம் என்று ஒரு மணற்குழியைக் காட்டினார்.

“பிள்ளை, இது வீடு கட்ட மண் அள்ளுற கிடங்கெல்லோ?” என்றார் அம்மா.

குடும்பத்தில் முதன்முதல் படித்தவள் நான். “அம்மாவுக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது” என்று அவரிடம் ஜேர்மன் மொழியில் சொல்லி மானத்தைக் காப்பாற்றினேன்.

திரும்பும்போது வழி தவறி, மாவட்ட எல்லைப் பலகையடியில் போய் நின்றோம். விண்ணப்பம் முடியும்வரை அகதிகள் அனுமதியின்றி மாவட்டத்தைத் தாண்டக் கூடாது; பிடிபட்டால் எங்கள் அகதி விண்ணப்பத்துக்கே ஆபத்து. ஆனால் வானைத் திருப்ப அப்பால்தான் இடமிருந்தது. அவர் எங்களை இறக்கிவிட்டு, தனியே எல்லை தாண்டித் திருப்பிக்கொண்டு வந்தார்.

“வான் போகலாம், நாங்கள் போக ஏலாதோ? கேள் பிள்ளை” என்றார் அம்மா.

இம்முறை அப்படியே மொழிபெயர்த்தேன். அவர் தொப்பியைத் தூக்கி எல்லைப் பலகையைக் காட்டினார்.

“வான் அகதி விண்ணப்பம் போடவில்லையே” என்றார்.

அது சிரிக்கச் சொன்ன பகிடியா, விளக்கமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.