தம்பி மதம் மாறியதற்கு நாங்கள் சொன்ன காரணங்கள்

மகள் கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பெண்ணுக்கு மாலை போட்டு மேடைக்கு அழைத்து வர வேண்டியவன் தாய்மாமன். எனக்கு இருப்பது ஒரே தம்பி. நான்கு வருடத்துக்கு முன்னால் கிறிஸ்தவனாகி, பாலக்கரையில் குடியிருக்கிறான். அவனை மேடையேற்றலாமா என்று பேச, தொட்டியத்திலிருந்து பெரியப்பா தென்னூரில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஜெபம் பண்ணாங்களாம், பொண்டாட்டிக்குக் காய்ச்சல் விட்டுச்சாம். மாத்திரையில போனதுகூடத் தெரியல அவனுக்கு" என்று சிரித்தார். சிறுநீரகக் கல் கரைந்ததற்காகப் போன மாதம்தான் அவர் சமயபுரத்தில் மொட்டை போட்டிருந்தார். அவருக்கும் டாக்டர் மூன்று மாதம் மாத்திரை கொடுத்திருந்தார். அதைச் சொன்னேன். அது வேற என்றார். எப்படி வேற என்று கேட்டால் காபி இருக்கிறதா என்கிறார்.

கடைசியில் குலதெய்வத்திடம் பூ கேட்பது என்று முடிவானது. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அவனைக் கூப்பிடலாம். பெரியப்பா கண்ணை மூடி எடுத்தார், வெள்ளை வந்தது. மனசு ஒருநிலையில் இல்லை என்று மறுபடி எடுத்தார். மறுபடியும் வெள்ளை. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பத்திரிகையோடு பாலக்கரைக்குப் போனால், இவன் அவருக்கு மேல். நாங்கள் பயத்தில் கும்பிடுகிறோமாம், அவர்கள் அன்பில் கும்பிடுகிறார்களாம். எங்களுக்குப் பெரியப்பாவின் மொட்டையை உதாரணம் காட்டினான், அவர்களுக்கு ஏழைகளுக்குச் சோறு போடும் ஒரு நல்ல மனிதரைக் காட்டினான். எரிச்சல் தாங்கவில்லை.

"நான் ஏன் கும்பிடுறேன்னு என்னிக்காவது என்னைக் கேட்டிருக்கியாடா?"

அவன் கோபப்படவில்லை. "நீ கேட்டியாக்கா, நான் ஏன் போனேன்னு?"

நான்கு வருடமாக ஊருக்கெல்லாம் காரணம் சொன்னவள் நான். பொண்டாட்டி பேச்சு என்பேன், யாரோ மனசைக் கலைத்துவிட்டார்கள் என்பேன். அவனிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்த லட்சணத்தில் பெரியப்பாவிடம் நியாயம் பேசினேன்.

அப்போதுதான் கேட்டேன்.

"அப்பா போனப்புறம் ஒரு வருஷம் எனக்குத் தூக்கமே இல்லக்கா. இப்ப நான் போற சபையிலேர்ந்து ஒருத்தர் தினம் சாயங்காலம் வந்து பக்கத்துல உக்காந்திருப்பாரு. ஒண்ணும் பேசமாட்டாரு."

பத்திரிகையை வாங்கிக்கொண்டான். மாலை போடுவதாகவும், விபூதி மட்டும் பூச வேண்டாம் என்றும் சொன்னான். சரி என்றேன். அவன் தூங்காத அந்த வருடம் முழுக்க நான் தென்னூரில்தான் இருந்தேன், அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம்.