மலர்விழி வீட்டுப் பச்சை விளக்கு

வெள்ளிமலையில் மலர்விழியின் குரலைக் கேட்டவர்கள் குறைவு. கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டி வாங்கி வந்துவிடுவாள். ரேஷன் வரிசையில் நின்றால், முன்னால் நிற்பவரின் சட்டைக் காலரில் எத்தனை தையல் பிரிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவள் வீட்டுப் பக்கம் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து இரண்டு கையும் பறக்கப் பேசிக்கொண்டிருப்பாள். நடுநடுவே சிரித்துச் சாயக்கூடச் செய்வாள்.

எதிரே திரையில் தம்பி அய்யப்பன். அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா பெரியம்மாள் கூலி வேலைக்குப் போனபோது அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று ஆறாம் வகுப்போடு மலர்விழியைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினொரு வயது அக்காவும் ஏழு வயதுத் தம்பியும் பகலெல்லாம் தனியாக இருந்து ஒரு கைப்பேச்சை உண்டாக்கிக்கொண்டார்கள். பசிக்கு ஒரு சாடை, மழைக்கு ஒரு சாடை. நெற்றியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டால் அம்மா. பெரியம்மாளின் பொட்டு அவ்வளவு பெரிது. அக்காவுக்கு அய்யப்பன் வைத்த பெயர், ஐந்து விரலையும் முகத்துக்கு முன்னால் விரித்து, இடுக்கில் ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள் கதவுக்குப் பின்னால் நின்று அப்படித்தான் பார்ப்பாள்.

இப்போது அய்யப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இஸ்திரி போடுகிறான். செல்போனில் அவனோடு பேசினால் ஒரு கை போனைப் பிடிக்கவே போய்விடும். ஒரு கையால் பேசுவது பாதி வாயை மூடிக்கொண்டு பேசுவது மாதிரி. அதோடு மலர்விழி வீட்டிலேயே இருக்கும் பெரியம்மாளுக்கு ஒரு கண்ணில்தான் ஆபரேஷன் ஆகியிருந்தது; சின்னத் திரையில் மகன் முகம் கலங்கித் தெரிந்தது. அதனால்தான் மலர்விழியின் கணவர் காசிநாதன், மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர், கள்ளக்குறிச்சியில் மூடப்போன ஒரு டைப்பிங் கிளாசிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி ஜீப்பில் ஏற்றி வந்தார். வீட்டுக்கு நெட் கொண்டுவரும் சின்னப் பெட்டியும் பழசுதான். வயர் செருகினால்தான் வேலை செய்யும்.

இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர் மாசி மாதத்தில் தகராறு செய்ய ஆரம்பித்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அய்யப்பன் கை அந்தரத்தில் நின்றுவிடும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் இளஞ்செழியன் வந்து பார்த்தான். வயரை மாற்றினான். தன் லேப்டாப்பில் அதே வயரைச் செருகினான். நெட் நன்றாக வந்தது. "லைன்ல குத்தம் இல்லண்ணே. கம்ப்யூட்டர்லதான்" என்று உள்ளே ஒரு நெட்வொர்க் கார்டைப் போட்டான். பத்து நாளில் அதுவும் அப்படியே ஆயிற்று. கடைக்கே எடுத்துப்போய் மூன்று நாள் ஓட்டிப் பார்த்தான். ஒரு தடவைகூடக் கட் ஆகவில்லை. ஜீப்பில் திரும்பி வந்த அன்று சாயங்காலமே மறுபடி போய்விட்டது. இன்னொரு கார்டு போட்டான். அதுவும் நிற்கவில்லை.

"மலையேறுனா இதுக்கு மூச்சு வாங்குது போல" என்றார் காசிநாதன்.

மலர்விழிக்கு அந்தப் பேச்சு சிரிப்பாக இருந்தாலும் மனதில் ஒட்டிக்கொண்டது. அதே கம்ப்யூட்டர், அதே கார்டு. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடவில்லை. அங்கே இருப்பது எது இங்கே இல்லை?

அந்த வாரம்தான் அய்யப்பனின் அறை நண்பன் போன் செய்தான். கூட வேலை செய்யும் ராதிகா என்ற பெண்ணும் அய்யப்பனும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். பெண் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். திங்கட்கிழமை அவள் ஊருக்குப் போகிறாள். அதற்குள் அய்யப்பனின் அம்மா தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தத் தைரியத்தில் வீட்டில் பேசிவிடுவாள். ஞாயிறு நாலு மணிக்கு அய்யப்பன் அவளைக் கூட்டிவருவான்.

"கண்ணால பாக்காம நான் இன்னாத்த சொல்றது?" என்றாள் பெரியம்மாள். "அந்தப் பொட்டிய எப்டியாவது சரி பண்ணு மாப்ள."

காசிநாதன் இளஞ்செழியனை ஞாயிறு காலையில் வரச் சொன்னார். மலர்விழி தன் பாட்டுக்குப் பார்க்க ஆரம்பித்தாள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் பின்பக்கம், கார்டில் வயர் செருகும் இடத்தில் இரண்டு பொட்டு விளக்குகள் உண்டு. நெட் இருக்கும்போது பச்சை அசையாமல் எரியும், பக்கத்தில் ஆரஞ்சு துடிக்கும். நெட் போகும்போது பச்சையே அணைந்து அணைந்து எரியும். வீடு கூட்டும்போதும் அரிசி களையும்போதும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். பச்சை துடிக்கும் நேரத்தில் ஈரத்துணியால் தரை துடைத்துக்கொண்டே பெட்டியின் தகரத்தைத் தொட்டால், விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். கடையிலிருந்து பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனபோது, ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். எறும்பு இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் பச்சை ஆடாமல் எரிந்தது. அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. அடுப்பில் குழம்பைக் கொதிக்கவிட்டு, அன்றைய நாளைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சாமை புடைத்தது, பால் வாங்கியது, எல்லாம் தினமும் நடப்பதுதான். ஒன்றுதான் புதிது. காசிநாதன் ஜீப்பின் கால்மிதிகளை வீட்டின் பின்பக்க மூலையில் போட்டு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

அந்த மூலையில் மண்ணுக்கு மேல் ஒரு சாண் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஏழு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது வயர்மேன் குழி தோண்டி வைத்த எர்த் குழாய் அது. குழியில் போட அடுப்புக்கரியும் இரண்டு படி கல்லுப்பும் கேட்டு வாங்கினார். கரண்டுக்கு எதற்கு உப்பு என்று அன்றைக்கே கேட்க நினைத்து, கூச்சத்தில் விட்டுவிட்டாள். துணி துவைக்கும் கல் முன்பு அந்த மூலையில்தான் இருந்தது. தை மாதம் தண்ணீர் குறைந்ததும், துவைத்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும் என்று காசிநாதன் கல்லைப் புரட்டி வாழையடியில் போட்டுவிட்டார். தகராறு மாசியில் ஆரம்பித்தது.

இளஞ்செழியன் கடைக்குப் பின்னாலும் அப்படி ஒரு குழாய் உண்டு. பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவிய தண்ணீரை நாள் முழுக்க அதன் மேல்தான் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் பச்சை மறுபடி துடித்தது. ஒரு குடத்தைத் தூக்கிப்போய்க் குழாய் அடியில் ஊற்றினாள். மண் உஸ்ஸென்று குடித்தது. உள்ளே ஓடிவந்து பார்த்தாள். இரண்டு தரம் துடித்து, மூன்றாவது தரம் எரிந்தது, அப்படியே நின்றது. தற்செயலாக இருக்கலாம் என்று சனிக்கிழமை காயும்வரை காத்திருந்து, துடித்ததும் திரும்ப ஊற்றினாள். திரும்ப நின்றது.

"குடிக்கிற தண்ணிய மண்ணுல ஊத்திக்கினு கீறியே, புத்தி கித்தி பெரண்டுடுச்சா?" என்றாள் பெரியம்மாள்.

மலர்விழி சிரித்தாள். காரணம் இன்னும் அவளுக்குத் தெரியாது. தண்ணீர் மண்ணுக்குள் போய்க் கம்ப்யூட்டருக்கு என்ன சொல்கிறது என்று யோசித்துக்கொண்டே அன்று இரண்டு தோசையைக் கருக்கினாள்.

ஞாயிறு காலை அவள் குடம் எடுப்பதற்குள் முதல் பஸ்ஸிலேயே இளஞ்செழியன் வந்துவிட்டான். பாயில் உட்கார்ந்து மூன்றாவது கார்டைப் போட்டான். பச்சை துடித்தது. வேறு இடத்தில் செருகினான். துடித்தது. உதட்டைப் பிதுக்கினான்.

"கார்டு இல்லண்ணே, போர்டே போய்க்கினு இருக்கு. கடைக்குத் தூக்கினு போறேன். புதன்கெழம வாங்கிக்கிங்க."

"இன்னிக்கி நாலு மணிக்கு வேணும்பா."

"நாலு மணிக்கா? நான் இன்னா மந்திரவாதியாண்ணே?"

"எனக்கு மட்டும் உன்ன அவசரப்படுத்த ஆசையா? என் மாமியார் உன்ன சும்மா வுட மாட்டாங்க. அப்பறம் உன் இஷ்டம்."

இளஞ்செழியன் கரண்டை நிறுத்தக் கையை நீட்டினான். மலர்விழி கதவோரம் நின்றிருந்தாள். சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக மனதில் இருந்தது, வாய்தான் வரவில்லை. வந்து, பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"இன்னாக்கா?"

அவன் பையில் நீட்டிக்கொண்டிருந்த டெஸ்டரை எடுத்தாள். அதன் முனையைப் பெட்டியின் தகரத்தில் வைத்து, பின்பக்கத்தை விரலால் அழுத்தினாள். டெஸ்டருக்குள் சிவப்பாக வெளிச்சம் வந்தது. இளஞ்செழியன் முன்னால் குனிந்தான்.

"பாடியில எப்டி வருது? நான் தொட்டேனே, ஒண்ணும் அடிக்கலையே."

பாயில் இருந்தால் தெரியாது என்பதுபோல அவள் அவன் காலுக்கடியில் இருந்த பாயைக் காட்டினாள். டெஸ்டரை அவன் கையில் கொடுத்து, "அப்டியே புடி" என்றாள். பின்பக்கம் போய், துணி அலசிய தண்ணீர் இருந்த வாளியைத் தூக்கிக் குழாய் அடியில் கவிழ்த்தாள்.

உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. "கம்மியாவுது. கம்மியாவுது. அண்ணே, போயிடுச்சு."

"எதுப்பா போயிடுச்சு?" காசிநாதன் பதறினார்.

"டெஸ்டர் வெளிச்சம்ணே. கார்டப் பாருங்க, பச்சை ஆடாம நிக்குது."

இளஞ்செழியன் வெளியே வந்து ஈர மண்ணையும் குழாயையும் குனிந்து பார்த்தான். மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, தேவையில்லாத கரண்ட் பெட்டியிலேயே தங்கிக் கார்டைக் குழப்பும் என்று அவளுக்குச் சொன்னான். உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்க என்றான். ஏழு வருஷக் கேள்விக்குப் பதில் கிடைத்ததில் அவளுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம்.

"யாருக்கா உங்களுக்குச் சொன்னது?"

"பாத்தேன்" என்றாள்.

"நானுந்தான் ரெண்டு மாசமா பாத்தேன். பொட்டிக்குள்ளயே பாத்துக்கினு இருந்துட்டேன்." கெட்டுப்போனது என்று கழற்றிய முதல் கார்டைப் பையிலிருந்து எடுத்துப் போட்டான். அதுவும் ஓடியது. புதுசைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டான்.

நாலு மணிக்கு அய்யப்பன் திரையில் வந்தான், தலையில் அவ்வளவு எண்ணெய். பக்கத்தில் ராதிகா, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு. அவளுக்குக் காது கேட்கும். பெரியம்மாள் நாற்காலியை இழுத்துப்போட்டு, நல்ல கண்ணைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டாள். ஊர், வேலை, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் கேட்டாள்.

"எம் புள்ள நல்லவன்தாம்மா. ஆனா பேச மாட்டான். காலம் பூரா நீ யாராண்ட பேசுவ?"

ராதிகா வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள். அய்யப்பனும் நின்றான். மலர்விழி பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்; பச்சை துடித்தது. சித்திரை வெயில் மண்ணைக் காயவைத்துவிட்டிருந்தது. அவள் திரும்பிக் கணவரைப் பார்ப்பதற்குள் காசிநாதன் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

படம் அசைந்தது. ராதிகா பேசி முடித்திருந்தாள். எதிரே எல்லோரும் விழிப்பதைப் பார்த்து அவள் முகம் வாடியிருந்தது. "காதுல வுழலம்மா, இன்னா சொன்ன?" என்று பெரியம்மாள் கத்தினாள். குரல் போய்ச் சேரவில்லை போலிருந்தது. மலர்விழி முன்னால் நகர்ந்தாள். பொறு என்று கையைக் காட்டி, அம்மாவின் கேள்வியைச் சாடையில் அய்யப்பனுக்குச் சொன்னாள். அவன் ராதிகாவுக்குச் சொல்லத் திரும்பினான். தேவைப்படவில்லை. அவள் மலர்விழியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராதிகா நெற்றியில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். பிறகு ஐந்து விரலை முகத்துக்கு முன்னால் விரித்து, இடுக்கில் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். பிறகு, உங்களோடு இப்படிப் பேசுவேன் என்பதுபோல இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினாள்.

"இன்னாடி சொல்லுது?" என்றாள் பெரியம்மாள். தெரிந்துதான் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரையைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஒரு தரம் போதாதென்று இன்னொரு தரமும் ஆட்டினாள். அய்யப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். அவன் சட்டைப் பொத்தான் மட்டும்தான் திரையில் தெரிந்தது.

பின்பக்கமிருந்து காசிநாதன் கேட்டார். "மலரு, இன்னும் ஊத்தணுமா?"

"ஊத்துங்க" என்றாள் மலர்விழி. பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. "நாளைக்கி அந்தத் தொவைக்கிற கல்ல திரும்ப அங்கயே பொரட்டிப் போட்டுடுங்க."